தோற்றவர் பெயரால் ஒரு பரணி

பரணி என்னும் சிற்றிலக்கியத்துக்கு விநோதமான வழக்கம் ஒன்று உண்டு. களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தி வென்ற வீரனைப் பாடுவதே பரணி. ஆயினும் நூலுக்குப் பெயர் சூட்டும்போது வென்றவனை விட்டுவிட்டுத் தோற்றவர் பெயரையே புலவர்கள் வைத்தனர். சயங்கொண்டார் பாடியது முதலாம் குலோத்துங்கனின் வெற்றியை. படை நடத்திச் சென்றவன் கருணாகரத் தொண்டைமான். நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. ஒட்டக்கூத்தர் தக்கன் வேள்வியின் அழிவைப் பாடினார். அந்நூல் தக்கயாகப்பரணி ஆயிற்று. வென்றவன் புகழை ஏந்தி நிற்பது தோற்றவன் பெயர்தான் என்பதை நம் முன்னோர் எத்துணை நுட்பமாக உணர்ந்திருந்தனர்!

இந்த வழக்கப்படி மும்பைக்காரர்கள் தம் கிரிக்கெட் வெற்றிகளைப் பாட முற்பட்டால், ஐந்து பரணிகளுக்காவது நம் பெயரைச் சூட்ட வேண்டியிருக்கும். ரஞ்சிக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு மதராஸ் என்ற பெயரிலும் தமிழ்நாடு என்ற பெயரிலும் நம் அணி 2024-25 பருவம் முடியப் பன்னிரண்டு முறை சென்றிருக்கிறது. இரண்டு முறை வென்றது. பத்து முறை தோற்றது. அந்தப் பத்தில் பம்பாயிடம் தோற்றவை மட்டும் ஐந்து.

இலக்கியமும் கல்வெட்டும் பேசும் இடத்தில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் வினவலாம். வரலாறு என்பது வென்றவர்களின் மெய்க்கீர்த்தி மட்டுமன்று. ஒரு நாட்டார் எதற்காகக் காத்திருந்தனர், எதை இழந்து வருந்தினர், அவ்வருத்தத்தை எவ்வாறு தாங்கினர் என்பதும் வரலாறே. திருவையாற்றில், காவிரிக் கரையில் இருந்துகொண்டு இந்தக் காத்திருப்பின் கதையைச் சொல்ல முற்படுகிறோம். காத்திருத்தல் என்பது என்னவென்று இந்தக் கரைக்கு நன்றாகவே தெரியும்.

1934: இரண்டு தொடக்கங்கள்

1934ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அன்றைய மதராஸ் மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயரிட்டனர். முழுக் கொள்ளளவில் 120 அடி நீர்மட்டமும் 93 டிஎம்சிக்குச் சற்று அதிகமான நீரும் கொண்ட அந்த அணை, சோழநாட்டு உழவரின் நாட்காட்டியையே மாற்றி எழுதியது. ஜூன் 12 அன்று மதகு திறக்க வேண்டும் என்பது பிற்காலத்தில் எழுதாச் சட்டமாயிற்று.

அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், சென்னை சேப்பாக்கத்தில் மதராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. அதுவே ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் ஆட்டம். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48 ஓட்டங்களுக்கும், மறு இன்னிங்ஸில் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. மதராஸ் எடுத்த 130 ஓட்டங்களே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமானதாயிற்று. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் இரு இன்னிங்ஸிலுமாகப் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அணையின் இருபுறமும் இருந்த இரு நாடுகள்தாம் ஆட்டத்திலும் எதிரெதிர் நின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மதராசும் மைசூரும் காவிரி நீரைப் பற்றி 1924இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாகவே மேட்டூர் அணை எழுந்தது. அந்த ஒப்பந்தத்தின் மை உலர்ந்து பத்தாண்டுகளில் இரு தரப்பும் மட்டையும் பந்துமாகச் சந்தித்தன. ஆட்டத்தில் நாம் வென்றோம். ஆற்றின் கதையை அன்பர்கள் அறிவர்.

இத்தகைய தொடக்கத்தைக் கண்ட எவரும் இனிக் கோப்பை ஆண்டுதோறும் சேப்பாக்கத்துக்கே வரும் என்று எண்ணியிருப்பர். வரவில்லை. 1935-36 இறுதியாட்டத்தில் பம்பாயிடம் தோல்வி. 1940-41இல் சேப்பாக்கத்திலேயே மகாராட்டிரத்திடம் தோல்வி. முதல் ஆட்டத்தை ஒரே நாளில் வென்ற அணி, முதல் கோப்பைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

இடையில் சேப்பாக்கம் வேறொரு வறட்சியை முடித்து வைத்தது. 1932இல் இலண்டன் இலார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிய இந்திய அணி, இருபது ஆண்டுகளாக ஒரு வெற்றியும் காணாமல் இருந்தது. 1952 பிப்ரவரி 10ஆம் நாள், தன் இருபத்தைந்தாவது டெஸ்டில், சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ் மற்றும் 8 ஓட்டங்களால் வென்றது. வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடித்தனர். ஒரு நாடே இருபதாண்டு ஏங்கிய வெற்றியைக் கொடுத்த மண், தன் சொந்த அணிக்கு மட்டும் இன்னும் கொடுக்காதிருந்தது.

இந்தூரில் கிட்டிய கோப்பை

1954-55இல் அது கிட்டியது. சேப்பாக்கத்தில் அன்று, இந்தூரில். பாலு அளகன்னன் தலைமையிலான மதராஸ் அணி, சி.கே. நாயுடு வளர்த்தெடுத்த வலிமை மிக்க ஓல்கர் அணியை அதன் சொந்த ஊரிலேயே 46 ஓட்டங்களில் வென்றது. முதல் ஆட்டத்தின் நாயகனான ராம்சிங்கின் மகன் ஏ.ஜி. கிருபாள் சிங் அந்த வெற்றிக்குப் பெரும் தூணாக விளங்கினார். தந்தை தொடங்கியதை மகன் முடித்தார் எனலாம்.

ஓல்கர் அணிக்கோ அதுவே கடைசி இறுதியாட்டம். அந்தப் பருவத்துக்குப் பின் அவ்வணியே கலைந்தது. அதன் வழித்தோன்றலாக வந்தது மத்தியப் பிரதேச அணி. இந்த அணியைப் பின்னர் மீண்டும் சந்திப்போம். அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

முதல் கோப்பை வந்தது. அடுத்தது எப்போது என்ற கேள்வியும் உடன் வந்தது. அப்போது பம்பாயின் பொற்காலம் தொடங்கியது. 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக ரஞ்சிக் கோப்பை பம்பாயைவிட்டு நீங்கவில்லை. உலகில் எந்த ஆட்டத்திலும் எளிதில் காண இயலாத ஆதிக்கம் அது. அந்தப் பதினைந்தில் இரண்டு நம்மைத் தோற்கடித்துப் பெற்றவை. 1967-68 இறுதியாட்டம் வெற்றி தோல்வியின்றி முடிய, முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் பம்பாய் கோப்பையைக் கொண்டு சென்றது. மற்றொன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு நாளும் ஒரு பந்தும்

1973இல் நடந்த 1972-73 பருவத்து இறுதியாட்டம் சேப்பாக்கத்துக்கு வந்தது. மதராஸ் மாநிலம் 1969இல் தமிழ்நாடு ஆயிற்று. அணியும் அப்பெயரைப் பூண்டிருந்தது. புதிய பெயரில் முதல் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்று நாடறிந்த இரு சுழற்பந்து வீச்சாளர்கள் நம்மிடம் இருந்தனர். ஆடுகளமும் சுழலுக்கே சாமரம் வீசியது.

முதலில் ஆடிய பம்பாய் 151 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. மைதானம் எவ்வாறு ஆர்த்திருக்கும் என்று நம்மால் எளிதில் ஊகிக்க முடியும். ஆனால் சுழலும் களம் நம் பந்தை மட்டுமா சுழற்றும்? பத்மாகர் சிவால்கர் என்ற இடக்கை வீச்சாளர் 16 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளைக் கொய்தார். தமிழ்நாடு 80. மறுபடியும் பம்பாயை 113க்குச் சுருட்டினோம். வெல்ல 185 தேவை. சிவால்கர் 18 ஓட்டங்களுக்கு ஐந்தும், ஏக்நாத் சோல்கர் 23 ஓட்டங்களுக்கு ஐந்தும் எடுக்க, தமிழ்நாடு 61 ஓட்டங்களில் அடங்கியது. தோல்வி 123 ஓட்டங்களால். மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துபோயிற்று. பல நாட்கள் நடக்க வேண்டிய இறுதியாட்டம், இரண்டு நாளும் ஒரு பந்துமாகக் கழிந்தது.

வெட்டிய வாய்க்கால் அடுத்தவன் வயலுக்குப் பாய்ந்த கதைதான் இது. ஆயினும் வென்றவர் கதையிலும் ஒரு முள் உண்டு. பதின்மூன்று விக்கெட்டுகளை வெறும் 34 ஓட்டங்களுக்குக் கவர்ந்த அந்தச் சிவால்கர், பிஷன் சிங் பேடியின் காலத்தில் பிறந்த குற்றத்தால் இந்தியாவுக்காக ஒரு டெஸ்டில்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார், 2025இல் மறைந்தார். களத்தில் வென்றவனும் வாழ்வில் எங்கோ காத்திருந்து தோற்றிருக்கிறான்.

எழுநூற்று ஒன்பது

இரண்டாவது கோப்பைக்கு 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் வெற்றிக்குப் பின் முழுதாக முப்பத்து மூன்று ஆண்டுகள்! இம்முறை சேப்பாக்கத்திலேயே வெற்றி. எஸ். வாசுதேவன் தலைமையிலான அணி இரயில்வே அணிக்கு எதிராக 709 ஓட்டங்களைக் குவித்து, இன்னிங்ஸ் மற்றும் 144 ஓட்டங்களால் வென்றது. பத்துப் பதினைந்து ஆண்டு ஏக்கத்தை ஒரே இன்னிங்ஸில் கொட்டித் தீர்த்தது போன்ற எண்ணிக்கை அது.

அடுத்த பருவத்தில் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு ஆறு விக்கெட்டுகளுக்கு 912 ஓட்டங்கள் எடுத்தது. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபாள் சிங் ஆட்டமிழக்காமல் 302. அர்ஜன், கிருபாள் சிங்கின் மகன். 1934இன் ராம்சிங்குக்குப் பேரன். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் இந்த அணியைச் சுமந்திருக்கிறது. ராமன் அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஆயிரம் ஓட்டங்களைக் கடந்தார். இனி நம் காலம் என்றே எவரும் கருதியிருப்பர்.

அந்தக் காலம் வரவில்லை. 1991-92இல் தில்லியிடம் தோல்வி. 1995-96இல் கர்நாடகத்திடம் முதல் இன்னிங்ஸ் கணக்கில் தோல்வி. 2002-03இல் மும்பையிடம், மும்பையில் தோல்வி. அடுத்த ஆண்டே பழிதீர்க்கச் சேப்பாக்கத்தில் வாய்ப்பு. 2003-04இல் அதே மும்பையிடம் முதல் இன்னிங்ஸ் கணக்கில் மீண்டும் தோல்வி. 2012 சனவரியில் சேப்பாக்கத்தில் இராசத்தானிடம். 2015 மார்ச்சில் மும்பையில் கர்நாடகத்திடம். ஆறு இறுதியாட்டங்கள், ஆறும் போயின.

களத்துமேட்டு வானொலி

தஞ்சைத் தரணியில் தை பிறந்தால் சம்பா அறுவடை. மாசி வரை தாளடி. ரஞ்சிக் கோப்பையின் கடைசிக் கட்டமும் பெரும்பாலும் இம்மாதங்களில்தான். பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடப்பது நெடுங்காலம் மரபாகவே இருந்தது. தியாகராசர் ஆராதனைக்காகத் திருவையாறு பந்தலிடுவதும் அந்நாட்களிலேயே. ஆகவே கதிர் அடிக்கும் ஓசையும், பஞ்சரத்தினக் கீர்த்தனையும், வானொலியின் கிரிக்கெட் வருணனையும் ஒரே பருவத்தின் ஒலிகளாக இக்கரையில் கலந்திருந்தன.

தமிழ் வருணனையைச் சொல்லும்போது கூத்தபிரான், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் பெயர்களைச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலம் அறியாத உழவரும் பந்து எங்கே விழுந்தது, எவ்வாறு திரும்பியது என்பதைக் கண்ணால் கண்டது போல அறிந்துகொண்டது அவர்களின் தமிழால். சேப்பாக்கத்தின் புல்லை ஒருமுறையும் மிதித்திராதவர்கள் அந்த அணியைத் தம் அணியாகக் கொண்டது அந்தக் குரல்களின் வழியேதான். 'நாம் தோற்றோம்' என்று தன்மைப் பன்மையில் சொல்லும் உரிமை அவ்வாறு வந்தது.

இந்தத் தன்மைப் பன்மைதான் நாம் ஆராய வேண்டிய பொருள். ஆடியவர்கள் பதினொருவர். அவர்களுள் பலர் சென்னையின் முதற்பிரிவு லீக் ஆட்டங்களில் வளர்ந்தவர்கள். காவிரிப் படுகையின் சிற்றூர்ப் பையன் ஒருவன் மாநில அணியைக் கனவு காண வேண்டுமெனில், சென்னைக்குப் பெட்டி கட்டுவதே நெடுங்காலம் வழியாக இருந்தது. ஆயினும் தோல்வியின் துக்கம் மட்டும் பெட்டி கட்டாமலே ஊர் ஊராக வந்து சேர்ந்தது. வெற்றியில் பங்கு கேளாதவர்கள் தோல்வியில் பங்கு ஏற்றனர்.

2012: பாலையும் படுகையும்

இராசத்தானிடம் அடைந்த தோல்வி நம் நெஞ்சில் தனியாகத் தைத்து நிற்கிறது. இராசத்தான் நெடுங்காலம் கோப்பையே காணாத அணி. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் பல முறை இறுதியாட்டத்தில் பம்பாயிடம் தோற்று, 2010-11இல்தான் முதல் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டே சேப்பாக்கத்துக்கு வந்தது. வினீத் சக்சேனா 257 ஓட்டங்கள் எடுத்தார். இராசத்தான் 621 எடுத்தது. நாம் 295. ஆட்டம் முடிவுறாமலே கோப்பை கைமாறியது. நம் அசுவின் அப்போது இந்திய அணியுடன் ஆசுத்திரேலியாவில் இருந்தார்.

பாலை நிலத்து அணி இரண்டு நாட்களுக்கு மேல் நின்று நிதானமாக ஓட்டங்களை விதைத்து அறுத்தது; ஆற்றுப் படுகை பார்த்துக்கொண்டு நின்றது. அதே ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் மதகு திறக்கவில்லை. செப்டம்பர் 17ஆம் நாள்தான் திறந்தது. குறுவை போயிற்று, பிந்தி வந்த நீரை நம்பி நட்ட சம்பாவும் பல இடங்களில் கருகியது. 2012 தொடங்கி 2019 முடிய எட்டு ஆண்டுகள், குறித்த நாளில் அணை திறக்கவே இல்லை. 2020இல்தான் ஜூன் 12 மீண்டும் ஜூன் 12 ஆயிற்று.

கோப்பையையும் குறுவையையும் ஒரே தராசில் வைக்கிறோமா? இல்லை. ஒன்று விளையாட்டு, மற்றொன்று வயிறு. ஆனால் இவ்விரு காத்திருப்புகளையும் ஒரே மனிதர்கள் காத்திருந்தனர். வயல் வரப்பில் கற்ற பொறுமையையே அவர்கள் ஆட்டத்துக்கும் கொண்டு வந்தனர்.

சாபமா, கணக்கா?

நெடுநாள் தோற்கும் அணியின் அன்பர்கள் உலகெங்கும் முதலில் நாடுவது சாபக் கதையைத்தான். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 1918க்குப் பின் 2004 வரை 86 ஆண்டுகள் உலகத் தொடரை வெல்லவில்லை. பேப் ரூத் என்ற பெருவீரரை நியூயார்க் அணிக்கு விற்ற பாவம் என்றனர். சிகாகோ கப்ஸ் அணி 1908 முதல் 2016 வரை 108 ஆண்டுகள் காத்திருந்தது. 1945இல் ஒருவரையும் அவருடைய ஆட்டையும் மைதானத்திலிருந்து வெளியேற்றியதால் அவரிட்ட சாபம் என்றனர். சப்பானில் ஹன்ஷின் டைகர்ஸ் 1985இல் வென்றபோது, களிவெறியில் அன்பர்கள் ஓர் உணவகத்தின் வாயிலில் நின்ற சிலையை ஒசாகா நகரின் கால்வாயில் எறிந்தனர். அதன்பின் அணிக்கு வறட்சி. 2009இல் சேற்றிலிருந்து சிலையை எடுத்தும் உடனே விடிவு வரவில்லை. 2023இல்தான் மீண்டும் வென்றது.

சாபம் என்பது துயரத்துக்கு நாம் சூட்டும் அழகிய பெயர். அதில் ஒரு வசதி உண்டு: சாபத்திடம் எவரும் கேள்வி கேட்க முடியாது. காவிரிக் கரை உழவர் இந்த வசதியை ஏற்பதில்லை. மழை பொய்த்தால் வானத்தைப் பார்ப்பார். மதகு அடைத்திருந்தால் கணக்கைக் கேட்பார். எத்தனை டிஎம்சி இருப்பு, எத்தனை கன அடி திறப்பு, கடைமடைக்கு ஏன் வரவில்லை என்று எண்களால் வினவுவார். திருவையாற்றுக்குத் தண்ணீர் முன்னதாக வந்துவிடும். நாகைப் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேர நாட்கள் பல ஆகும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் விதியன்று என்பதை இருவருமே அறிவர்.

நம் பத்துத் தோல்விகளையும் அவ்வாறே கணக்கிடுவோம். பத்தில் நான்கு, அதாவது 1967-68, 1995-96, 2003-04, 2011-12 ஆகியவை, வெற்றி தோல்வியின்றி முடிந்து முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் பறிபோனவை. நீண்ட ஆட்டத்தின் முதல் இரண்டு மூன்று நாட்களில் நிலைத்து நின்று ஓட்டம் சேர்க்கும் அணிக்கே இவ்விதி துணை செய்யும். ஐந்து தோல்விகள் பம்பாயிடம். அந்நகரின் திறந்தவெளித் திடல்களும், மழைக்காலத்திலும் விடாது நடக்கும் காங்கா லீக்கும் வளர்த்த மன உறுதிக்கு ஈடான ஒன்று நம்மிடம் இருந்ததா என்பதே கேள்வி.

இன்னொரு கணக்கும் உண்டு. குறுகிய வடிவ ஆட்டங்களில் தமிழ்நாடு சோடை போகவில்லை. இருபது ஓவர் ஆட்டத்துக்கான சையத் முஷ்தாக் அலி கோப்பையை 2006-07, 2020-21, 2021-22 என மூன்று முறை வென்றது. 2021 நவம்பரில் கர்நாடகத்துக்கு எதிரான இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தில் சாருக் கான் அடித்த சிக்சரை யார் மறப்பர்? மாநிலங்களுக்கு இடையிலான ஒருநாள் போட்டியிலும் ஐந்து கோப்பைகள். ஆகவே திறமை இல்லை என்று சொல்ல இயலாது. மூன்று மணி நேரத்தில் வெல்லத் தெரிந்தவர்களுக்கு ஐந்து நாள் நிற்பது ஏன் அரிதாயிற்று என்று கேட்க வேண்டும். 2015இல் முதல் நாளே 134 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்த நம் அணிக்கு எதிராகக் கருண் நாயர் தனியாகவே 328 அடித்தார். கர்நாடகம் 762 குவித்தது. தோல்வி இன்னிங்ஸ் மற்றும் 217 ஓட்டங்களால். 2024 மார்ச்சில் மும்பையில் அரையிறுதியிலும் இதே கதை: முதல் இன்னிங்ஸில் 146, தோல்வி இன்னிங்ஸ் மற்றும் 70 ஓட்டங்களால்.

சாபம் தீராது, கணக்கு தீரும். இதற்குச் சான்றாகத்தான் மத்தியப் பிரதேசத்தை மறவாதிருக்க வேண்டினோம். ஓல்கரின் வழித்தோன்றலான அவ்வணி 1998-99 இறுதியாட்டத்தில் பெங்களூரில் முதல் இன்னிங்ஸ் முன்னிலை பெற்றும் கர்நாடகத்திடம் தோற்றது. அன்று தலைவராக இருந்தவர் சந்திரகாந்த் பண்டிட். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில், அதே பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் அவ்வணி மும்பையை வென்று முதன்முறையாகக் கோப்பையைத் தொட்டது. அப்போது பயிற்றுநராக நின்றவர் அதே பண்டிட்! குசராத்து 2016-17இலும் விதர்பா 2017-18இலும் முதன்முறையாக வென்றன. கடைமடைகளுக்கெல்லாம் நீர் பாய்ந்தது. 1934இல் முதல் பந்தை வீசிய நாம் மட்டும் 1988க்குப் பின் 2024-25 முடிய வெறும் கையோடு நின்றோம். முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளியே நீண்டது என்று நினைத்திருந்தோம். இரண்டாம் இடைவெளி அதையும் கடந்துவிட்டது.

தோற்கும் முறை

நெடிய தோல்வி அன்பர்களை இரு வழிகளில் ஒன்றுக்குத் தள்ளும். ஒன்று சினம், மற்றொன்று விலகல்.

சினத்தின் எல்லையை 1996 மார்ச் 13 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் கண்டோம். உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா சரியத் தொடங்கியதும் புட்டிகள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன; ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் சேப்பாக்கம் வேறொரு வழியைக் காட்டியது. 1999 சனவரி 31 அன்று, முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த சச்சின் ஆட்டமிழந்த பின், பாகிசுத்தானிடம் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. அரங்கம் முதலில் ஊமையாயிற்று. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்த வாழ்த்தை ஏற்றது. தோற்றவர்கள் வென்றவர்களுக்குக் கொடுத்த அந்தக் கைதட்டல், பல வெற்றிகளைவிட நெடுங்காலம் பேசப்படுகிறது.

விலகலோ ஓசையற்றது. ரஞ்சி ஆட்டங்களின் வெற்றுப் படிக்கட்டுகளே அதற்குச் சான்று. மஞ்சள் நிறச் சட்டை அணிந்த சென்னை சூப்பர் கிங்ஸ் வந்தபின் நம் இளைஞர்களின் தன்மைப் பன்மை அங்குக் குடிபெயர்ந்தது. அதையும் குறை சொல்வதற்கில்லை; ஐந்து முறை வென்ற அணியைப் பற்றிக்கொள்வது மனித இயல்பு. ஆனால் 2025இல் அவ்வணியும் பட்டியலின் கடைசி இடத்துக்கு இறங்கியபோது, தோல்வியைப் பழகாதவர்களின் தவிப்பைப் பார்த்தோம். பழகிய நமக்கு அது புதிதன்று.

இரு காத்திருப்புகளும் ஒன்றோடொன்று மோதிய நாளும் உண்டு. சூதாட்ட வழக்கால் 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகள் விலக்கப்பட்ட சென்னை அணி, 2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு பிப்ரவரி 16 அன்று அளித்த காவிரித் தீர்ப்பைச் செயற்படுத்துவதற்கான ஆறு வாரக் கெடு அதற்குள் கடந்திருந்தது. நீருக்கான அமைப்பு இன்றி விளையாட்டு எதற்கு என்று கேட்டு வெளியே போராட்டம். உள்ளே காலணி வீச்சு. அடுத்த ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அன்று நம் போன்றோர் இரண்டாகப் பிளந்து நின்றோம். கேட்டது நியாயம், கேட்ட இடம் சரியா என்ற விவாதம் இங்குத் தேநீர்க் கடைகளில் நெடுநாள் ஓயவில்லை. சேப்பாக்கம் தன் அணியை இழந்த அந்த ஆண்டில் அவ்வணி கோப்பையை வென்றது. காவிரி மேலாண்மை ஆணையமும் ஜூனில் அமைந்தது.

வெண்ணியின் கேள்வி

திருவையாற்றிலிருந்து தஞ்சை வழியாக நீடாமங்கலம் செல்லும் சாலையில் கோயில்வெண்ணி என்றோர் ஊர் உண்டு. சங்க காலத்து வெண்ணிப் போர் நடந்த இடம் அது. கரிகாலன் அங்கே பெரும் வெற்றி பெற்றான். எதிர்த்து நின்ற சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிலும் புண்பட, அதற்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். அவ்வூர்க் குயவர் குடியில் பிறந்தவராகக் கருதப்படும் வெண்ணிக்குயத்தியார், வென்ற தம் மன்னனை நோக்கியே பாடிய பாடல் புறநானூற்றில் அறுபத்தாறாம் பாடலாக உள்ளது. வெற்றியைப் புகழ்ந்துவிட்டு, புகழோடு மறைந்த அந்தத் தோற்றவன் உன்னிலும் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்பட அவர் கேட்கிறார். வென்ற ஊரின் பெண், வென்ற அரசனிடம், தோற்றவனுக்காகக் கேட்ட கேள்வி!

தோல்வியை மூடி மறைப்பதோ, அதற்காகக் கல்லெறிவதோ நம் மரபன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தோல்வியைப் பெயரிட்டுப் பாடுவதும் அதன்முன் நின்று கேள்வி கேட்பதுமே மரபு.

2016இல் கப்ஸ் அணி வென்றபோது சிகாகோ மக்கள் ஒரு காரியம் செய்தனர். மைதானத்தின் வெளிச்சுவரில், அந்த வெற்றியைக் காணாமலே மறைந்த தம் தந்தையர், பாட்டன்மார் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதினர். சுவர் முழுதும் பெயர்கள். நம் மாநில அணி மூன்றாம் கோப்பையை ஏந்தும் நாளில், 1988இன் வருணனையைக் களத்துமேட்டில் கேட்டு மகிழ்ந்து, அடுத்த ஆறு தோல்விகளையும் சுமந்து மறைந்தவர்களின் பெயர்களை எழுத நமக்கும் ஒரு சுவர் வேண்டும். சேப்பாக்கத்தின் சுவர் கிட்டாவிடில் காவிரியின் படித்துறைச் சுவர் போதும்.

அதுவரை கணக்கைக் கேட்டுக்கொண்டே காத்திருப்போம்.